அரை மில்லிமீட்டர் குளவியின் அடையாளம்

கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு ஒட்டுண்ணி அட்டை கட்டும் உழவருக்கு டிரைக்கோகிரம்மா பழகிய பெயர். அட்டையிலிருந்து வெளிவருவது அந்தக் குளவிதானா என்று எதை வைத்துச் சொல்வது? 1833இல் வெஸ்ட்வுட் இப்பேரினத்தை வகுத்ததிலிருந்து எத்தனையோ உறுப்புகளை அடையாளமாகக் காட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே தரமானவை அல்ல.

நிறத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். குளிரில் வளர்ந்தால் உடல் கருக்கும், வெப்பத்தில் வெளுக்கும். உடலளவும் அப்படியே: பிற பூச்சியின் பெரிய முட்டைக்குள் வளர்ந்த குளவி பெரிதாக இருக்கும். பாதத்தில் மூன்றே கணுக்கள் என்பது உறுதியான பண்புதான். ஆனால் அது குடும்பம் முழுவதற்கும் பொது, வாசல்வரைதான் கொண்டுவிடும்.

முன்னிறகில்தான் விஷயம் இருக்கிறது. இறகுப் பரப்பில் நுண்மயிர்கள் வரிசை வரிசையாக நிற்கும். பேரினத்தின் கிரேக்கப் பெயரிலேயே மயிரும் கோடும் உண்டு. வேறு பேரினங்களிலும் இவ்வரிசைகள் இருப்பதால் ஒரு குறிப்பிட்ட வரிசையைத் தேட வேண்டும். இறகு நரம்பு முடியும் இடத்திலிருந்து இறகின் அடியை நோக்கிச் சாய்ந்து திரும்பும் அந்த வரிசை டிரைக்கோகிரம்மாவில் உண்டு. நெருங்கிய உறவான டிரைக்கோகிரம்மடாய்டியாவில் இல்லை. இரண்டையுமே நம் நாட்டு ஆய்வகங்களில் வளர்ப்பதால் இந்தச் சிறு வரிசைக்கு இவ்வளவு மதிப்பு.

அடுத்த சாட்சி ஆணின் உணர்கொம்பு. டிரைக்கோகிரம்மா ஆணுக்கு அதன் நுனிப்பகுதி பிரிவற்ற ஒரே துண்டு; நீண்ட மயிர்கள் சிலிர்த்து நிற்கும். டிரைக்கோகிரம்மடாய்டியா ஆணில் அது பல கணுக்களாகப் பிரிந்திருக்கும். பெண்களின் உணர்கொம்புகளோ இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால் பெண்ணை மட்டும் பார்த்து இந்தச் சாட்சியைப் பெற முடியாது.

இந்த இரண்டு சாட்சிகளும் சேர்ந்து பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் நீர்நிலையோரம் வாழும் சியாலிஸ் பூச்சியின் முட்டையில் வளரும் டிரைக்கோகிரம்மா செம்ப்ளிடிஸ் ஆணுக்கு இறகே இராது. உணர்கொம்பும் பெண்ணுடையது போல இருக்கும். அதே இனம் அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்தால் இறகுள்ள ஆணாகிறது. 1937இல் ஜார்ஜ் சால்ட் விரிவாகக் காட்டிய உண்மை இது. எந்த முட்டையிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாத மாதிரியை நான் நம்பமாட்டேன்.

பேரினத்தைக் கடந்து இனப்பெயர் சொல்ல இந்த வெளியுறுப்புகள் போதா. ஆணின் இனப்பெருக்க உறுப்பே அதற்கு அளவுகோல் என்று இந்தியாவில் பணியாற்றிய நாகர்கட்டியும் நாகராஜாவும் 1971இல் நிறுவினார்கள். நெடுங்காலம் டிரைக்கோகிரம்மா ஆஸ்திரேலிகம் என்று இந்தியாவில் அழைக்கப்பட்ட குளவி டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்று தெளிந்தது இந்த வழியில்தான். வோல்பாகியா பாக்டீரியா தொற்றிப் பெண்களே பிறக்கும் வளர்ப்புகளில் இதுவும் கைகொடுக்காது. அங்கே மரபணு வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: சாய்ந்த மயிர்வரிசையும் ஆணின் உணர்கொம்பும் சேர்ந்து ஒத்தால் பேரினத்தை உறுதியாகச் சொல்லலாம். இனப்பெயரை வெளித்தோற்றத்திலிருந்து எழுதவே கூடாது. அட்டையின் மேல் இனப்பெயர் அச்சிடுவோர், அந்த வளர்ப்பின் ஆண் ஒன்றைக் கண்ணாடிச் சில்லில் பதித்து, நுண்ணோக்கியில் பார்த்து, சில்லைப் பாதுகாத்து வைத்துவிட்டு அச்சிடுங்கள்.