ஈமாக்ஸில் தமிழ் எண்கள் காணாமல்போன கதை

எங்க அப்புச்சியோட அப்பா எழுதிய வெற்றிலைக் கணக்கு நோட்டு ஒன்று இரண்டு வருஷமாக என் மேசையில் கிடக்கிறது. பரமத்தி வேலூர் பக்கம் கொடிக்கால் வைத்திருந்தவர். சுமை, கவுளி, ஆள் கூலி, கைமாற்று எல்லாம் அதில் இருக்கிறது. எண்கள் முழுக்கத் தமிழ் எண்கள். 325 என்பது ௩௱௨௰௫. 1936 என்பது ௲௯௱௩௰௬. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸.

நாமக்கல்லில் வீட்டில் உட்கார்ந்து இதை ஈமாக்ஸில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எடிட்டரைப் புதுப் பதிப்புக்கு மாற்றிய அடுத்த நாள், ஐட்ரான்ஸ் முறையில் 3 அடித்தால் ௩ வரவில்லை. வெறும் 3 தான் வந்தது. முந்தின நாள்வரை வந்துகொண்டிருந்த எழுத்து!

அந்த ஒரு எழுத்தைத் தேடிப் போனதில் ஈமாக்ஸைப் பற்றி எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எப்படி நிறுவுவது என்று சொல்லும் பதிவு இல்லை. ஒரு கருவியைப் பற்றிய விமர்சனம், கூடவே என்னைப் பற்றியும் கொஞ்சம்.

ஈமாக்ஸ் 1976-ல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற பழைய எடிட்டருக்கான மேக்ரோ தொகுப்பாகத் தொடங்கியது. இன்று நாம் பயன்படுத்தும் குனு ஈமாக்ஸ் 1985-ல் வெளிவந்தது. இடையில் 1981-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பிலேயே ஈமாக்ஸுக்கு மூன்று குணங்களைச் சொல்கிறார்: விரிவாக்கலாம், நம் விருப்பப்படி மாற்றலாம், தன்னைத் தானே விளக்கும். ஈமாக்ஸைப் புகழ்பவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் ஆபத்து என்பதுதான் என் கட்சி.

லாரிக்கு பாடி கட்டுகிற ஊர்க்காரனுக்கு இதைப் புரியவைக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். கம்பெனியிலிருந்து வருவது சேஸிஸ். அதன்மேல் பாடி, டூல் பாக்ஸ், லைட், ஆரன் என்று ஓனர் கேட்கிறபடி பட்டறையில் ஏற்றுவார்கள். லைட் எரியவில்லை என்று வண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். "மேல மாட்டுனதெல்லாம் மொதல்ல கழட்டணும் தம்பி. வண்டி தன்னோட கரண்டுல எரியுதான்னு பாத்துட்டுத்தான் மத்த பேச்சு" என்றார்.

ஈமாக்ஸிலும் அதே வைத்தியம்தான். கட்டளை வரியில் பெயருக்குப் பின்னால் மைனஸ் போட்டு பெரிய க்யூ சேர்த்தால், நம் இனிட் ஃபைல் எதையும் படிக்காமல் வெறும் சேஸிஸாகத் திறக்கும். அங்கே பிரச்சினை இல்லையென்றால் கோளாறு நாம் மாட்டியதில். அப்போது இனிட் ஃபைலைப் பாதி பாதியாக நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்தால் எந்த வரி என்று சீக்கிரம் பிடிபடும். ஆயிரம் வரி இருந்தாலும் பத்து முறைதான்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். முதலில் இனிட் ஃபைலைப் பாதி பாதியாக வெட்டி ஒரு மாலை முழுக்கப் போக்கினேன். அதன்பிறகுதான் வெறும் ஈமாக்ஸைத் திறந்தேன். அங்கேயும் 3 தான் வந்தது. அப்படியானால் என் தப்பு இல்லை. கன்ட்ரோல்-எச், பிறகு கன்ட்ரோல்-என் அடித்து மாற்றங்களின் பட்டியலைத் திறந்து 'தமிழ்' என்று தேடினேன். பதில் அங்கே இருந்தது. ஐட்ரான்ஸ், இன்ஸ்கிரிப்ட் இரண்டு முறைகளும் இனித் தமிழ் எண்களை இடாது. தமிழர்கள் இன்று அவற்றைப் பயன்படுத்துவதில்லை. பழையபடி வேண்டுமென்றால் பெயரின் கடைசியில் 'டிஜிட்ஸ்' என்று முடியும் புது முறைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. நாங்கள் பயன்படுத்துவதில்லை என்று சொல்ல இவர்கள் யார்? ஆனால் ஆறப்போட்டு யோசித்தால் முடிவு சரி. தமிழில் கட்டுரை எழுதுகிறவர் 2024 என்று அடித்தால் ௨௦௨௪ என்று வருவது தொல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஏற்றதை முன்னிருப்பாக வைத்தார்கள். என்னைப்போல நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவனுக்குப் பழைய வழியை மூடவில்லை. முக்கியமாக, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுதி வைத்தார்கள். என் போனில் கீபோர்ட் ஆப் எத்தனையோ முறை மாறியிருக்கிறது. ஒருமுறைகூடக் காரணம் சொன்னதில்லை.

இதற்கிடையில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். ௩ வராத அந்த மாலையில், வேலை நிற்கக்கூடாது என்று, எண்களுக்குப் பதில் எழுத்துகளையே அடித்தேன். ௨-க்கு உ, ௧-க்கு க, ௭-க்கு எ, ௰-க்கு ய. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றேதான். தமிழ் எண்கள் எழுத்துகளோடு அவ்வளவு ஒட்டியவை. கண்ணுக்கு ஒன்றாக இருக்கும், ஆனால் யூனிகோடில் வேறு வேறு.

பக்கக் கூட்டல் சரியா என்று பார்க்க ஈமாக்ஸ் லிஸ்ப்பில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். ௱ வந்தால் முன்னால் உள்ள எண்ணை நூறால் பெருக்கு, ௰ வந்தால் பத்தால் பெருக்கு, முன்னால் எண் இல்லையென்றால் ஒன்று என்று வைத்துக்கொள், கடைசியில் எல்லாவற்றையும் கூட்டு. பன்னிரண்டு வரி. ஒரு பக்கத்தில் பத்து ரூபாய் உதைத்தது. 'பெரியவர் கூட்டலில் தவறிவிட்டார்' என்று அடிக்குறிப்பு எழுதவும் ஆரம்பித்துவிட்டேன்.

தவறியது அவர் இல்லை. நான் ௩௱௨௰௫ என்பதற்குப் பதில் ௩௱உ௰௫ என்று அடித்திருந்தேன். என் நிரல், தெரியாத எழுத்து வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்படி எழுதப்பட்டிருந்தது. உ-வை விட்டுவிட்டால் மிச்சம் 315. கர்சரை அந்த எழுத்தின்மேல் வைத்து, கன்ட்ரோல்-யு, கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அடித்தேன். அந்த எழுத்தின் யூனிகோட் பெயர், எண், எந்த எழுத்துருவில் காட்டப்படுகிறது எல்லாவற்றையும் ஈமாக்ஸ் சொல்லும். 'தமிழ் டிஜிட் டூ' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தமிழ் லெட்டர் யு' என்று இருந்தது.

தொண்ணூறு வருஷம் கழித்து, பதில் சொல்ல முடியாத ஒரு மனுஷர்மேல் என் பிழையைப் போட இருந்தேன். ஈமாக்ஸ் தன் மாற்றத்தை எழுதி வைத்திருந்தது. அதன்மேல் நான் கட்டிய பன்னிரண்டு வரிதான் வாயை மூடிக்கொண்டிருந்தது. இப்போது தெரியாத எழுத்து வந்தால் நிரல் நின்று, எந்த இடம் என்று சொல்லும். டிபக்-ஆன்-எர்ரர் வசதியைப் போட்டு வைத்தால் எந்தச் செயற்கூறு எதைக் கூப்பிட்டது என்ற வரிசையும் வந்துவிடுகிறது.

இதனால்தான் அடுத்தவர் இனிட் ஃபைலை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தின்மேல் எனக்கு வருத்தம். கறுப்புத் திரை, அழகான ஐகான் எல்லாம் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். கோளாறு வரும்போது எந்த ஒயர் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. அது நாம் மாற்றிய எடிட்டர் இல்லை, வேறொருவர் மாற்றியதன் நகல். ஒரு வாரத்துக்கு ஒரு வரி, அந்த வரிக்கு மேலே ஏன் போட்டோம் என்று தமிழில் ஒரு குறிப்பு. எனக்கு இது போதுமாக இருக்கிறது.

ஈமாக்ஸ்மேல் எனக்குள்ள குறை வேறு. தமிழ் எழுத்துகளைக் காட்டுவதில் இப்போது பெரிய குறை இல்லை; 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் சேர்ந்த பிறகு கொம்பும் காலும் தத்தம் இடத்தில் உட்காருகின்றன. 29-ஆம் பதிப்பில் ஒலிபெயர்ப்பு விதிகளை நாமே மாற்றிக்கொள்ளும் தமிழ் முறையும் வந்துவிட்டது. ஆனால் தன்னை விளக்குகிற அந்தக் கருவி யாருக்கு விளக்குகிறது? ஆங்கிலம் படிப்பவருக்கு. தொடக்கப் பாடம் ஜப்பானியம், கொரியம், ஹீப்ரு என்று பல மொழிகளில் இருக்கிறது; என் கணினியில் வரும் பட்டியலில் தமிழ் இல்லை. அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தால், என்னைவிட வேகமாகக் கோளாறைப் பிடிப்பார். உதவிப் பக்கத்தைப் படிக்க மட்டும் அவருக்கு வழியில்லை.

அதைக் குறையாகச் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. தொடக்கப் பாடம் வெறும் உரைக் கோப்புதான், யாரும் மொழிபெயர்க்கலாம். நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. அதை முடித்துவிட்டு, முதல் பத்தியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். பெரியவரைப் பற்றி எழுதிய அடிக்குறிப்பை அழித்தாயிற்று.