முனை எங்கே இருக்கிறது?

வீடியோ கூட்டத்துக்கோ செய்தி அனுப்பவோ புதிதாக ஒரு செயலி வந்தால், அதைப் பற்றிய மதிப்புரைகளில் முதலில் வருவது பூட்டின் பெருமைதான். 256 பிட் மறையாக்கம், ராணுவத் தரம், இப்போது கூடுதலாகக் குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதது. படிக்கிறவருக்கும் ஒரு நிம்மதி. எனக்கு இந்த மதிப்புரைகள் மேல் ஒரு புகார் உண்டு. வாசலில் எத்தனை லீவர் பூட்டு தொங்குகிறது என்று எண்ணுகிறார்கள். சாவி யார் யாரிடம் இருக்கிறது, யாரை உள்ளே விடலாம் என்று சொல்கிற அதிகாரம் யாருக்கு என்று கேட்பதே இல்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இந்தத் துறையில் வந்த நல்ல கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. பெரிய சறுக்கல்களும் அங்கேதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறையாக்கவியல் என் தொழில் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். தரநிலை ஆவணங்களை ராத்திரியில் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அப்படிப் படித்ததிலிருந்து எழுதுகிறேன்.

ஜூம் சொன்ன "முனை"

என்ட் டு என்ட் என்க்ரிப்ஷன், தமிழில் முனைக்கு முனை மறையாக்கம். பேசுகிற இரண்டு பேரின் கருவிகள்தான் முனைகள். நடுவில் இருக்கிற நிறுவனம் செய்தியைச் சுமந்து போகலாம், படிக்க முடியாது. பொதுவாக எல்லோரும் புரிந்துகொள்ளும் அர்த்தம் இதுதான்.

2020 ஊரடங்கில் உலகமே ஜூமுக்குள் போனது. 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு ஒரு கோடியாக இருந்த கூட்டப் பங்கேற்பு, 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டதாக அந்த நிறுவனமே சொன்னது. அதே சமயத்தில், 2020 மார்ச் 31 அன்று, தி இன்டர்செப்ட் இதழ் ஒரு விஷயத்தை வெளியிட்டது. முனைக்கு முனை மறையாக்கம் என்று ஜூம் விளம்பரம் செய்கிறது, வீடியோ கூட்டங்களில் அப்படி ஒன்று இல்லை. மறுநாளே ஜூம் ஒரு விளக்கம் கொடுத்தது. பொதுவாக ஏற்கப்பட்ட வரையறைக்கும் தாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்திய விதத்துக்கும் வித்தியாசம் இருப்பதை ஒப்புக்கொண்டது. அவர்கள் கணக்கில் ஜூமின் சர்வரும் ஒரு முனை!

இரண்டு நாள் கழித்து டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. விளம்பரத்தில் 256 பிட் ஏ.இ.எஸ். உண்மையில் இருந்தது 128 பிட். அதையும் ஈ.சி.பி. என்கிற முறையில் பயன்படுத்தியிருந்தார்கள். ஒரே மாதிரித் தரவுத் துண்டு வந்தால் மறையாக்கிய பிறகும் ஒரே மாதிரியே வெளிவரும் முறை அது. படத்தை அப்படி மறையாக்கினால் படத்தின் உருவம் நிழலாகத் தெரியும், பாடப் புத்தகத்திலேயே கூடாது என்று போட்டிருப்பார்கள்.

செய்திகளில் 128, 256 என்ற எண்கள்தான் அதிகம் அடிபட்டன. எனக்கு அது சின்ன விஷயம். ஒழுங்காகப் பயன்படுத்தினால் 128 பிட்டும் நடைமுறையில் உடையாது. பெரிய விஷயம் அதே அறிக்கையில் வேறு இடத்தில் இருந்தது. கூட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே சாவி. அந்தச் சாவியை உருவாக்கித் தருவது ஜூமின் சர்வர். வட அமெரிக்காவில் இருந்தபடி சோதித்தபோதும் சில கூட்டங்களின் சாவி பெய்ஜிங்கில் இருந்த சர்வர் வழியாக வந்தது. சாவி தருகிறவரிடம் சாவி இருக்கும். இருக்கும்போது அரசாங்கம் கேட்டால் கொடுக்க வேண்டி வரும், திருடன் நுழைந்தால் போய்விடும். அந்த நிலையில் பூட்டு 128ஆ 256ஆ என்பதில் என்ன இருக்கிறது?

குறைந்தது 2016லிருந்தே பயனர்களைத் தவறாக நம்பவைத்தார்கள் என்று அமெரிக்காவின் எஃப்.டி.சி. குற்றம் சாட்டியது. 2020 நவம்பரில் சமரசம் ஆனது. அதற்குள் கீபேஸ் என்ற நிறுவனத்தை வாங்கி, 2020 அக்டோபரில் உண்மையான முனைக்கு முனை மறையாக்கத்தை ஜூம் கொண்டுவந்துவிட்டது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். முதலில் காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் இலவசப் பயனர்களுக்கும் தந்தார்கள். ஆனால் இன்றும் அது தானாக வராது, நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீடியோவில் ஏன் இது கஷ்டம்

இதை ஏமாற்று வேலை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். பத்துப் பேர் கூட்டம் என்று வையுங்கள். நடுவில் யாரும் இல்லாமல் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருக்கும் தன் வீடியோவை நேரடியாக அனுப்பணும். ஒரு வீடியோவுக்கு 1.5 எம்.பி.பி.எஸ். என்றால் அப்லோடுக்கு மட்டும் 13.5 எம்.பி.பி.எஸ். வேண்டும். மொபைல் டேட்டாவில் நடக்கிற காரியமா? அதனால் நடுவில் எஸ்.எஃப்.யு. என்ற சர்வரை வைக்கிறார்கள். நீங்கள் ஒரு பிரதி அனுப்பினால் போதும், அது பிரித்து மற்றவர்களுக்கு அனுப்பும். தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறவர் மாதிரி.

வெப்ஆர்டிசி தொழில்நுட்பத்தில் உங்கள் கணினியிலிருந்து சர்வர் வரை மறையாக்கம் உண்டு. சர்வரிலிருந்து அடுத்தவர் வரையும் உண்டு. நடுவில் அந்த ஒரு இடத்தில் மட்டும் உறை பிரிக்கப்படுகிறது. "வழியெங்கும் மறையாக்கம்" என்று விளம்பரம் செய்தால் பொய் என்று சொல்ல முடியாது. உண்மையும் இல்லை.

இதற்கு வந்த தீர்வு அழகானது. கடிதம் பிரிக்கிறவருக்கு முகவரி தெரிந்தால் போதுமே, உள்ளே இருப்பது எதற்கு? உறைக்குள் இன்னொரு உறை. வெளி உறையை சர்வர் பிரிக்கும், உள் உறையைக் கூட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் பிரிப்பார்கள். 2020ல் குரோம் உலாவி இதற்கு வழிசெய்தது, ஜிட்சி அதைப் பயன்படுத்திக் காட்டியது. இதே யோசனையை எஸ்ஃப்ரேம் என்ற பெயரில் தரநிலையாக்கி, 2024 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 9605 வந்தது.

இதற்கு விலை உண்டு. சர்வரால் பார்க்க முடியாது என்றால் சர்வரால் பதிவு செய்யவும் முடியாது, வசன வரி போடவும் முடியாது, ஏ.ஐ. சுருக்கம் தரவும் முடியாது, சாதாரண போன் வழியாக யாரையும் சேர்க்கவும் முடியாது. ஆகவே கூட்டம் முடிந்ததும் நிறுவனத்தின் ஏ.ஐ. உங்களுக்கு அழகாகக் குறிப்பு அனுப்புகிறது என்றால், அது உங்கள் கருவியிலேயே ஓடினால் ஒழிய, அந்தக் கூட்டத்தில் மூன்றாவதாக ஒரு முனை இருந்தது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து விளம்பரம் செய்கிறவர்களைச் சந்தேகத்தோடுதான் படிக்கணும்.

குழுவில் யாரைச் சேர்ப்பது யார்?

செய்திச் செயலிகள் இந்த விஷயத்தில் முன்னாடியே போய்விட்டன. டிரெவர் பெரின், மாக்சி மார்லின்ஸ்பைக் இருவரும் உருவாக்கிய டபுள் ராட்செட் முறைதான் சிக்னலின் உயிர்நாடி. ராட்செட் என்றால் ஒரே பக்கம் மட்டும் சுழலும் பல்சக்கரம். ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி, பழைய சாவி அழிக்கப்படும். இன்று யாராவது உங்கள் சாவியைத் திருடினாலும் நேற்றைய செய்தியைத் திறக்க முடியாது. பேச்சு தொடரத் தொடர, புதிதாகச் சாவி பரிமாறப்படுவதால் நாளைய செய்தியும் தப்பிக்கும். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் முழுவதும் இதே முறைக்கு வந்தது. சத்தமில்லாமல் நூறு கோடிப் பேரின் போனில் போய்ச் சேர்ந்த கண்டுபிடிப்பு.

ஆனால் 2018ல் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். வாட்ஸ்அப் குழுவில் யார் உறுப்பினர் என்ற பட்டியலை வைத்திருப்பது சர்வர். சர்வரைக் கையில் வைத்திருப்பவர் புதிதாக ஒருவரைக் குழுவில் சேர்த்தால், மற்றவர்களின் போன்கள் சமர்த்தாக அவருக்கும் சாவியை அனுப்பிவிடும். புது உறுப்பினர் வந்ததாக அறிவிப்பு வருமே என்பது நிறுவனத்தின் பதில். 200 பேர் இருக்கும் குழுவில் அந்த ஒற்றை வரியை யார் படிக்கிறார்கள்? பூட்டு அப்படியே இருக்கிறது, வாசல்காரர்தான் வேறு ஆள்.

2023 ஜூலையில் வந்த எம்.எல்.எஸ்., அதாவது ஆர்.எஃப்.சி. 9420, இந்தப் பிரச்சினையை நேராகத் தொடுகிறது. உறுப்பினர் பட்டியலையே சாவியோடு பின்னிவிடுகிறது. யாரையாவது சேர்த்தால் அது எல்லாருடைய கணக்கிலும் பதிவாகும், திருட்டுத்தனமாக நுழைக்க முடியாது. கூடவே வேகமும். ஆயிரம் பேர் குழுவில் சாவியை மாற்ற, தனித்தனியாக 999 பேருக்கு அனுப்புவதற்குப் பதில், உறுப்பினர்களை ஒரு மரக்கிளை அமைப்பில் வைத்துவிட்டால் நல்ல நிலைமையில் பத்துப் படிகளில் வேலை முடிந்துவிடும். 2024 செப்டம்பரில் டிஸ்கார்ட் தன் குரல், வீடியோ அழைப்புகளுக்கு இதை எடுத்துக்கொண்டது. என் பார்வையில் இந்தப் பத்தாண்டின் முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான். இதைப் பற்றி எத்தனை மதிப்புரை படித்திருக்கிறீர்கள்?

இதிலும் ஒரு கேள்வி பாக்கி. வந்திருப்பவர் நிஜமாகவே அவர்தானா? எம்.எல்.எஸ். இதைத் தன் வேலை இல்லை என்று ஒரு அடையாளச் சேவையிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்தச் சேவையை நடத்துவது யார்? பெரும்பாலும் அதே நிறுவனம். சிக்னலிலும் வாட்ஸ்அப்பிலும் 60 இலக்க எண் ஒன்று இருக்கிறது, இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தால் நடுவில் யாரும் இல்லை என்று உறுதியாகும். ஒப்பிட்டுப் பார்த்த ஒருவரைக் காட்டுங்கள்! அதனால்தான் 2023ல் வாட்ஸ்அப்பும் ஆப்பிளும் சாவிகளைப் பொதுப் பதிவேட்டோடு ஒத்துப்பார்ப்பதைக் கணினியிடமே விட்டன. மனிதர்கள் செய்யமாட்டார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு செய்த வடிவமைப்பு. நல்ல பொறியியல் என்றால் இது.

குவாண்டம் பூட்டும் திறந்த ஜன்னலும்

2023ல் சிக்னல், 2024ல் ஆப்பிளின் ஐமெசேஜ், ஜூம் என்று வரிசையாகக் குவாண்டம் கணினிக்கும் தாங்கும் மறையாக்கத்தைச் சேர்த்தன. இது வெட்டி வேலை இல்லை. இன்றே சேர்த்துவைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் கழித்து உடைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு எதிரான முன்னேற்பாடு. ஆனால் நடந்த சம்பவங்களைப் பாருங்கள்.

2019ல் வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஒரு பிழை வழியாகச் சுமார் 1,400 கருவிகளில் உளவு மென்பொருள் புகுந்தது, அழைப்பை எடுக்கக்கூட வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் ஜெர்மன் விமானப்படை அதிகாரிகள் டாரஸ் ஏவுகணை பற்றிப் பேசிய வெப்எக்ஸ் கூட்டத்தின் பதிவு ரஷ்யாவில் வெளியானது. சிங்கப்பூரில் இருந்து ஒருவர் பாதுகாப்பற்ற இணைப்பில் சேர்ந்ததே காரணம் என்றார் அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர். 2025 மார்ச்சில் ஏமன் தாக்குதல் பற்றி அமெரிக்க உயர் அதிகாரிகள் பேசிய சிக்னல் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியரையே தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். மூன்றிலும் யாரும் கணக்குப் போட்டு மறையாக்கத்தை உடைக்கவில்லை. மூன்றிலும் போனது முனை.

அப்படியென்றால் மறையாக்கமே வீண்தானே என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். அது தப்பு. 2016ல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு ஒன்று சிக்னலிடம் பயனர் விவரம் கேட்டது. கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த தேதியும் தவிர கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. முன்பு ஒரே இடத்தில் கை வைத்து எல்லாரையும் கேட்க முடிந்தது, இப்போது ஒவ்வொரு போனாகப் போய்த்தான் பிடிக்க வேண்டும். டாக்டரிடம் ஆன்லைனில் பேசுகிற நோயாளிக்கும், செய்தியாளரிடம் ஆவணம் கொடுக்கிற அரசு ஊழியருக்கும் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

2025 செப்டம்பர், அக்டோபரில் ஜோஹோவின் அரட்டை செயலி பேச்சுப்பொருளானபோது ஒரு நல்லது நடந்தது. அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருக்கிறது, சாதாரண எழுத்துச் செய்திக்கு இல்லை என்பதைப் பயனர்களே கண்டுபிடித்துக் கேட்டார்கள். நிறுவனமும் மழுப்பாமல், அதற்கான வேலை நடக்கிறது என்றது. முனையின் அர்த்தத்தை இழுத்து நீட்டுவதைவிட "இன்னும் இல்லை" என்று சொல்வது எவ்வளவோ மேல்.

அடுத்த செயலி வரும்போது நாம் கேட்க வேண்டியவை நான்கே நான்கு. சாவியை உருவாக்குவது யார்? குழுவில் ஆள் சேர்ப்பதை முடிவு செய்வது யார்? எதிரில் இருப்பவர் அவர்தான் என்று உறுதி சொல்வது யார்? வேறு எங்கே இன்னொரு பிரதி இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு உங்கள் போனிலேயே ஒரு பதில் இருக்கிறது. வாட்ஸ்அப் பேக்கப்புக்கு முனைக்கு முனை மறையாக்கம் 2021லேயே வந்துவிட்டது, ஆனால் நாமாகப் போய்ச் சொடுக்கினால்தான் உண்டு. செட்டிங்ஸில் சாட்ஸ், அதில் சாட் பேக்கப். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.