மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட், பதினைந்து நாளில் மறதி

சங்கரன்கோவிலில் ஜவுளிக் கடையோ, ஆடிட்டர் ஆபீஸோ, கல்யாண ஸ்டுடியோவோ, கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நாஸ் பெட்டி வாங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாட்டிக் கொடுத்தவர் சொல்லிவிட்டுப் போனது அநேகமாக ஒரே வாக்கியமாக இருக்கும்: "மணிக்கொரு ஸ்னாப்ஷாட் போட்டிருக்கேன் அண்ணாச்சி, இனிமே கவலையே வேண்டாம்." இந்த வாக்குறுதியோடுதான் எனக்கு வெகுநாள் வழக்கு.

ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகள் ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது, அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. நெட்ஆப் நிறுவனம் 1990களில் பிரபலமாக்கியது இன்று சின்னக் கடைப் பெட்டிக்கும் வந்துவிட்டது. எடுக்க ஒரு நொடி போதும். மாறிய பகுதிக்கு மட்டுமே இடம் பிடிக்கும். காலையில் தவறி அழித்த எக்செல் கோப்பை டீ ஆறுவதற்குள் மீட்டுவிடலாம். பெட்டியே எரிந்தால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து எரியும் என்ற குறையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

என் குறை வேறு. எத்தனை மணிக்கொரு தடவை எடுப்பது என்று யோசிப்பவர்கள், எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை டிஸ்க்கின் கொள்ளளவிடம் விட்டுவிடுகிறார்கள். தப்பு நடந்தது எப்போது நம் கண்ணில் படும் என்று யாரும் கேட்பதில்லை. நெட்ஆப்பின் ஆன்டேப் மென்பொருளில் தானாக வரும் அட்டவணை மணிக்கணக்கில் 6, நாள்கணக்கில் 2, வாரக்கணக்கில் 2. ஆக, மிகப் பழையதற்கே வயது இரண்டு வாரம். சைனாலஜி நிறுவனத்தின் பல நாஸ் மாடல்களில் ஒரு ஷேர்டு ஃபோல்டருக்கு 1,024 வரை வைக்கலாம். மணிக்கொன்று வீதம் இரவும் பகலும் எடுத்தால் 43 நாள்கூடத் தாங்காது. அதில் பாதி, கடை பூட்டிக் கிடக்கும் இரவு நேரத்து ஸ்னாப்ஷாட்டுகள்.

கடைக் கணக்கில் தப்போ அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுவதில்லை. ஏப்ரலில் டேலி கணக்கு மென்பொருளில் மேலெழுதிப் போன பதிவு, அடுத்த மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிப் படிவம் போடும்போது தெரிந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் வருஷக் கணக்கை முடிக்க ஆடிட்டர் புரட்டும்போதுதான் தெரியும். ஜிஎஸ்டி சட்டம் ஆவணங்களை ஆண்டுக் கணக்கு தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. நம் அட்டவணைக்கு ஞாபகம் பதினைந்து நாள், மிஞ்சினால் 43.

ஸ்டுடியோவில் நிலைமை இன்னும் மோசம். ஆவணியில் எடுத்த கல்யாணத்துக்கு ஆல்பம் கேட்டுத் தை மாதம் வருகிறார்கள். இடையில் முகூர்த்த சீசனில் டிஸ்க் நிரம்புகிறது. பழைய வீடியோவை அழிக்கிறார்கள், இடம் காலியாவதில்லை, ஏனென்றால் அழித்ததை ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கிறது. எரிச்சலில் யாரோ ஒருவர் எல்லா ஸ்னாப்ஷாட்டையும் துடைத்துவிடுகிறார். எடிட் செய்யாத பச்சை வீடியோவையும் கணக்கையும் ஒரே ஃபோல்டரில், ஒரே அட்டவணையில் போட்டவருடைய வேலை இது. துடைத்தவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ரான்சம்வேர் வந்தால் நடப்பதுதான் கொடுமை. அது எல்லாக் கோப்பையும் மாற்றி எழுதுவதால் ஸ்னாப்ஷாட்டுகள் ஒரேயடியாக வீங்குகின்றன. இடம் தீர்ந்ததும், பழையதைத் தானாக அழிக்கும் வசதி போட்டிருந்தால், முதலில் போவது வைரஸ் தொடாத பழைய பிரதிதான். பூட்டி வைத்த ஸ்னாப்ஷாட்டை அப்படி அழிக்க முடியாது. சைனாலஜியில் 2023இல் டிஎஸ்எம் 7.2 மென்பொருளிலேயே இந்தப் பூட்டும் வசதி வந்துவிட்டது. வாங்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்பவர் அபூர்வம்.

"இடம் போதாதே" என்பார்கள். கணக்கு ஃபோல்டருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? கடை நேரத்தில் மட்டும் மணிக்கொன்று எடுத்து இரண்டு நாள் வையுங்கள்; நாளுக்கொன்று இரண்டு மாதம், மாதத்துக்கொன்று ஒன்றரை வருஷம். மொத்தம் நூறைச் சுற்றித்தான் வரும். பச்சை வீடியோவுக்கு ஸ்னாப்ஷாட்டே வேண்டாம். தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி போதும். இதைச் செய்ய அரை மணி நேரமாகும். மணிக்கொன்று என்று டிக் அடிக்க அரை நிமிஷம்; வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த தடவை சர்வீஸுக்கு வருபவரிடம் எத்தனை மணிக்கொரு தடவை என்று கேட்காதீர்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய பில் ஒன்றின் பெயரைச் சொல்லி, அன்று அது எப்படி இருந்ததோ அப்படியே உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள்.