வலைத்தளம் கைக்குள் வந்த வழிகள்

2022 ஜூலையில் இலங்கையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, சாவகச்சேரிச் சனமும் இணையத்தளத்தில் பதிந்துதான் குறியீட்டை எடுத்தது. சிலர் அதைக் கைபேசியில் படமாகச் சேமித்தார்கள். சிலர் அச்சிட்டு லமினேட் செய்து பணப்பையில் செருகிக்கொண்டார்கள். வரிசையில் நிற்பவரின் கைபேசிக்குச் சிக்னல் தேவைப்படவேயில்லை. வலைத்தளத்தைச் செயலியாக்க முனைபவருக்கான முதற்கேள்வி இங்கேயே கிடைக்கிறது: இணைப்பு அறுந்தாலும் பயனரின் கையில் எது இருந்தாக வேண்டும்?

இந்தக் கலையில் மூன்று பள்ளிகள் உண்டு. மூத்தது உறைப் பள்ளி. 2008இல் பிறந்த ஃபோன்கேப் அதன் தொடக்கம். அடோபி 2011இல் அதை வாங்க, அப்பாச்சியின் கீழ் அது கோர்டோவா ஆனது. இன்று அந்த இடத்தில் கெப்பாசிட்டர் இருக்கிறது. உள்ள வலைப்பக்கத்தையே செயலிக்குள் ஒரு உலாவிச் சாளரத்தில் வைத்து, கமரா, இருப்பிடம் போன்றவற்றைச் சொருகிகளால் இணைப்பார்கள். செலவு குறைவு. ஆனால் வெறும் இணையத்தளத்தைப் பொதி கட்டி அனுப்பினால் ஆப்பிள் தன் கடையில் ஏற்பதில்லை. எச்டிஎம்எல்5ஐ அளவுக்கு மீறி நம்பியது பெரும் தவறு என்று 2012இல் ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க்கே சொன்னார்.

இரண்டாவது, உலாவியையே செயலிக் கடையாக்கிய பள்ளி. அதற்கு நல்ல சாட்சி பெங்களூரு ஃபிளிப்கார்ட். 2015இல் கைபேசிகளுக்கான தன் வலைத்தளத்தை மூடி, எல்லோரையும் செயலிக்குள் அழைத்தது அந்நிறுவனம். அதே ஆண்டு நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்ற பெயரில் வலைக்குத் திரும்பி வந்தது. பக்கத்தின் சட்டகத்தை, உலாவியின் பின்னணியில் ஓடும் சேர்விஸ் வோர்க்கர் என்ற நிரல் கைபேசியிலேயே சேமித்து வைக்கும். முகப்புத் திரையில் சின்னமும் வரும். வந்தவர்களில் பெரும்பான்மையினர் 2ஜி இணைப்பில் இருந்தவர்கள். டேட்டாச் செலவு மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சியின் உட்கிராமங்களை நினைத்தால் முதலில் முயல வேண்டிய வழி இதுவே. ஐபோனில் இத்தகைய செயலிகளுக்கு அறிவித்தல் அனுப்பும் வசதி 2023இல்தான் வந்தது என்பது ஒரு குறை.

மூன்றாவது, திரையைப் புதிதாய் எழுதும் பள்ளி. 2015இல் வந்த ரியாக்ட் நேட்டிவ், கைபேசியின் சொந்தப் பொத்தான்களையே பயன்படுத்தும். 2018இல் முதல் நிலைப்பதிப்புக் கண்ட ஃபிளட்டர் எல்லாவற்றையும் தானே வரையும். இரண்டிலும் பழைய எச்டிஎம்எல் உதவாது. ரியாக்ட் நேட்டிவை எடுத்தாண்ட ஏர்பிஎன்பி 2018இல் அதைக் கைவிட்டது.

எந்தப் பள்ளியானாலும் வேலை தொடங்குவது பின்னாலிருக்கும் சேவையகத்தில்தான். பக்கத்தையும் தரவையும் ஒன்றாய்ப் பின்னிய பழைய தளங்களில், தரவை மட்டும் தரும் ஏபிஐயை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு உறை தேடுவது வீண் உழைப்பு.

சாவகச்சேரிச் சந்தைப் பலாப்பழ வியாபாரி ஒருவருக்கு இணையக் கணக்கேடு இருக்கிறதென்று வைப்போம். அதிகாலையில், சிக்னல் இல்லாத ஒழுங்கையில் அவர் பத்துப் பழம் வாங்கிப் பதிகிறார். பதிவு கைபேசியிலேயே தங்கி, பிறகு தானாக மேலே போக வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியே ஒரு தனி எண்ணை இட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், விட்டு விட்டு இணைப்பு மீளும்போது அதே பத்துப் பழம் இரண்டு தரம் கணக்கில் ஏறிவிடும்.