கொல்லும் சொல்லும் காக்கும் சொல்லும்

சொல்லின் ஆற்றலைத் தமிழ் நூலோர் பலபடப் பேசியுள்ளனர். இன்சொல்லின் பயனும், அவையறிந்து பேசும் திறமும், தூது செல்வார்க்கு வேண்டும் நாநலமும் திருக்குறளில் தனித்தனி அதிகாரங்கள் பெற்றுள்ளன. ஆயினும், ஒரு கூட்டத்தாரை மற்றொரு கூட்டத்தார்மேல் கொலைக்கு ஏவும் சொல்லின் அமைப்பு யாது, அதனைத் தடுக்கும் சொல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினாக்களை நம் திறனாய்வு போதிய அளவு ஆராய்ந்திலது. மேடையும் செய்தித்தாளும் வானொலியும் கைப்பேசியும் சொல்லை நொடிப்பொழுதில் பரப்பும் இக்காலத்தில் இவ்வாராய்ச்சி வேண்டற்பாலது. புறநானூற்றில் கோவூர் கிழார் பாடிய 44, 45, 46, 47 ஆம் பாட்டுக்களை அடிப்படையாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

வன்சொல்லும் கொலைச்சொல்லும்

வெம்மை மிக்க பேச்செல்லாம் வன்முறையைத் தூண்டும் என்பது பொதுவாக நிலவும் கருத்து. இக்கருத்து ஆராயத்தக்கது. 1908 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12 ஆம் நாள் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. அவர்தம் சொற்பொழிவுகளே அரசுக்கு எதிரான பகையை விளைத்தன என வழக்குத் தொடுக்கப்பட்டு, இருவரும் கொடுந்தண்டனை பெற்றனர். அவர்கள் அயலாட்சியை எதிர்த்துப் பேசினர். கேட்போரைக் கொலைக்கு ஏவினாரல்லர். ஆளுவோர் தமக்கு இன்னாத சொல்லையெல்லாம் கலகச் சொல் எனப் பெயரிடுவர் என்பதற்கு இவ்வழக்கு சான்று. எனவே, பேச்சின் வெம்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இதனைத் தெளிவிக்கக் காவிரி நாட்டுச் சிற்றூராகிய வலங்கைமான் நமக்கு ஓர் எடுத்துக்காட்டு நல்குகிறது. 1869 ஆம் ஆண்டு அவ்வூரிற் பிறந்த சீனிவாச சாத்திரியார் ‘வெள்ளி நாவினர்’ எனப் புகழ்பெற்றவர். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தராக விளங்கியவர். 1919 ஆம் ஆண்டு பிப்பிரவரி 7 ஆம் நாள், பேரரசின் சட்டமன்றத்தில் ரௌலட் சட்ட வரைவை எதிர்த்து அவர் ஆற்றிய உரை கடுமை மிக்கது. அரசின் அடக்குமுறை குற்றமற்றவரையும் வாட்டும் என்பதை ஆளுவோர் முகத்தெதிரே உரைத்தார். ஆயினும் அக்கடுமை சட்டத்தின்மீதும் அதனை இயற்றுவோர் செயலின்மீதும் சென்றதேயன்றி, ஓர் இனத்தார்மீது சென்றிலது. பின்னர் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை வெளிப்படையாக மறுத்தவரும் அவரே. கருத்து வேறுபாடு இருவர் நட்பையும் அறுக்கவில்லை; 1946 இல் சென்னை மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த சாத்திரியாரைக் காந்தியடிகள் நேரிற் சென்று கண்டார்.

சாத்திரியாரை நாம் முழுமையான முன்மாதிரியாகக் கொள்ளுதற்கு ஒரு தடை உண்டு. அவர் புகழ் ஆங்கிலப் பேச்சால் வந்தது; அது சட்டமன்றத்துக்கும் கற்றோர் அவைக்கும் உரியது. கொலைச்சொல்லோ தாய்மொழியில், தெருவில், திண்ணையில் வழங்குவது. அதனை எதிர்க்கும் சொல்லும் அம்மொழியிலேயே பிறத்தல் வேண்டும். அத்தகைய சொல்லைத் தேடுவோர்க்கு வழிகாட்டி, கோவூர் கிழார்.

வலங்கைமானுக்கு அண்மையில் ஆவூர் என்னும் ஊர் உளது. நெடுங்கிள்ளி அடைத்திருந்த ஆவூர் இதுவே எனக் கருதுவாரும் உளர். 44 ஆம் பாட்டில், கோட்டைக்குள் அடைபட்டிருக்கும் அவ்வரசனைப் புலவர் இடித்துரைக்கிறார். யானைகள் உணவின்றி வருந்துகின்றன, குழந்தைகள் பாலின்றி அழுகின்றனர், மகளிர் பூவின்றி வெறுந்தலை முடிக்கின்றனர், வீடுகளில் நீரில்லை. அறம் கருதின் வாயிலைத் திறந்து கொடுத்துவிடு. மறம் கருதின் வாயிலைத் திறந்து பொருதுவிடு. இரண்டுமின்றி ஒளிந்திருத்தல் நாணத்தக்கது என்பது அப்பாட்டின் கருத்து. இதனினும் கடிய சொல் வேறு யாது? ஆயினும் இக்கடுமை ஒருவன் செயலைக் குறித்து, அவன் முன்னிலையில், அவனால் வருந்துவோர் பொருட்டுக் கூறப்பட்டது. வன்சொல் வேறு, கொலைச்சொல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

கொலைச்சொல்லின் இலக்கணம்

கொலைச்சொல்லுக்கு மூன்று இயல்புகள் உள. ஒருவன் செய்ததனை அவன் கூட்டத்தார் அனைவர்மேலும் ஏற்றுதல் முதலாவது. மக்களை மக்களல்லாதவராகப் பெயரிட்டழைத்தல் இரண்டாவது. அவர்கள் நம்மை அழிக்கப்போகின்றனர் என அச்சுறுத்தி, கொலையைத் தற்காப்பாகக் காட்டுதல் மூன்றாவது.

1994 ஆம் ஆண்டு உருவாண்டா நாட்டில் ஏறத்தாழ 100 நாட்களில் பல நூறாயிரம் துட்சி இனத்தார் கொல்லப்பட்டனர். அப்போது ஒரு தனியார் வானொலி அவ்வினத்தாரைக் கரப்பான்பூச்சிகள் என நாள்தோறும் ஒலிபரப்பியது. 2003 இல் பன்னாட்டு நீதிமன்றம் அவ்வானொலியை நடத்தியோரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. மேற்கூறிய மூன்று இயல்புகளும் ஒருங்கே அமைந்த கொடிய சான்று இது.

முதலியல்பின் விளைவைக் காணத் தஞ்சைத் தரணியை விட்டு அகல வேண்டுவதில்லை. 1968 ஆம் ஆண்டு திசம்பர் 25 ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில், குடிசையொன்றில் அடைக்கலம் புகுந்த உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்டிரும் சிறாரும் ஆவர். வழக்கின் தோற்றம் அரைப்படி நெல் கூலி உயர்வு. அது மெல்ல மெல்லச் செங்கொடியை இறக்குவதா வேண்டாவா என்னும் வழக்காயிற்று. கூலி பற்றிய பேச்சில் அளவு உண்டு. ஆகலின் இணக்கமும் உண்டு. கொடி பற்றிய பேச்சில் நண்பர், பகைவர் என்னும் இரண்டே உண்டு. அன்று மாலை நிலவுடைமையாளர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட, அதன் பழி ஒரு சேரி முழுவதன்மேலும் வைக்கப்பட்டது. 1973 இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது, செல்வர்களாகிய அவர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என நம்புதல் அரிது என்றது. பெருஞ்செல்வர்க்குத் தனித்தனி முகம் இருந்தது. மாண்டோர்க்குச் சேரி என்னும் ஒரே பெயர் இருந்தது.

கொலைக்குத் துணைபோகும் சொல் எப்போதும் வெம்மையுடையதாகத் தோன்றுவதில்லை என்பதும் குறிக்கத்தக்கது. 1958 மே மாத இலங்கைக் கலவரத்தில் 22 ஆம் நாளே பொலன்னறுவையில் புகைவண்டியில் வந்தோர் தாக்கப்பட்டனர். 26 ஆம் நாள் வானொலியில் பேசிய பிரதமர் பண்டாரநாயக்காவோ, மட்டக்களப்புப் பகுதியில் சிங்களவர் ஒருவர் பின்னர் கொல்லப்பட்டதைக் கலவரத்தின் காரணம்போல் முன்வைத்தார். சொற்கள் அமைதியை வேண்டின. நிகழ்ச்சிகளின் வரிசை பழியைத் தமிழர்மேல் சார்த்தியது. சொல்லை மட்டுமன்றி, சொல்லப்படும் முறைவைப்பையும் ஆராய்தல் திறனாய்வாளன் கடன் என்பது இதனால் விளங்கும்.

சந்து செய்யும் சொல்

இனி, காக்கும் சொல்லின் இயல்பைக் காண்போம். 45, 46, 47 ஆம் பாட்டுக்கள் மூன்றும் துணைவஞ்சித் துறையின. அவை கொலைச்சொல்லின் ஒவ்வோர் இயல்புக்கும் மாற்றாக அமைந்திருத்தல் வியத்தற்குரியது.

45 ஆம் பாட்டு, உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியையும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கியது. எதிரில் நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனோ வேம்பு சூடிய பாண்டியனோ அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. யார் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே எனப் புலவர் அறிவுறுத்துகிறார். ‘அவர்கள்’ என விலக்கப்பட்டவரை ‘நாம்’ என்னும் வட்டத்துள் மீட்டுக் கொணர்தல் இதன் நெறி. ஆனால் இந்நெறிக்கு ஓர் எல்லை உண்டு. குடி ஒன்றாயின் கொல்லற்க என்னும் வாதம், குடி வேறாயின் யாது செய்வது என்னும் வினாவுக்கு விடை கூறாது.

அவ்விடையை 46 ஆம் பாட்டு கூறுகிறது. மலையமானின் மக்களை யானைக்கு இட முற்பட்ட கிள்ளிவளவனிடம், அவர்கள் உன் குடியினர் எனப் புலவரால் உரைக்க இயலாது. அவர்கள் பகைவன் மக்கள். எனவே அச்சிறுவரை உள்ளவாறு காட்டுகிறார். யானையைக் கண்டு அழுகையை மறந்தவர். கூடியிருக்கும் மன்றத்தை மருண்டு நோக்குபவர். முன்னறியாத துன்பம் உறுபவர். ‘பகைவன் வழி’ என்னும் தொகுப்புப் பெயர் கரைந்து, சிறுவர் சிலர் கண்முன் நிற்கின்றனர். அரசனுக்குப் புறாவைக் காத்த முன்னோனை நினைவூட்டும் புலவர், முடிவை அவனிடமே விட்டுவிடுகிறார். கேட்போன்மேல் பழி சுமத்தாமல் அவன்தன் பெருமைக்கு அவனை அழைத்தல் இங்குக் கையாளப்படும் முறை.

47 ஆம் பாட்டில், இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுகிறான். ஒற்றன் என்னும் ஒரு சொல் அச்சத்தை எழுப்பிக் கொலையைத் தற்காப்பாக்கிவிடுகிறது. கோவூர் கிழார் அச்சொல்லை மெய்ந்நிகழ்ச்சியோடு ஒப்பிடுகிறார். பறவைபோல் நெடுவழி கடந்து, பாடிப் பெற்றதனைச் சேமியாது பிறர்க்கும் ஈத்துண்டு வாழும் புலவர் வாழ்க்கையில் பிறர்க்குத் தீங்கு செய்ய இடமெங்கே என்பது அவர் வினா. ஐயத்தை வாழ்க்கையின் உண்மையால் தீர்க்கும் நெறி இது. 1958 இல் பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருத்தி மட்டக்களப்பில் சிதைத்துக் கொல்லப்பட்டாள் என்னும் வதந்தி பரவி, பாணந்துறையில் கோயில் அருச்சகர் ஒருவர் எரித்துக் கொல்லப்படுதற்கு இடமாயிற்று. அத்தகைய ஆசிரியை எவரும் மட்டக்களப்பில் பணியாற்றவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது என அக்கலவரத்தைப் பற்றி நூலெழுதிய தார்சி விட்டாச்சி காட்டுகிறார். வதந்தி பரவிய பொழுதே ‘எவ்வூர், எப்பள்ளி, என்ன பெயர்’ என வினவுவார் ஒருவர் அங்கு இருந்திருப்பின், ஓர் உயிர் பிழைத்திருத்தல் கூடும்.

சட்டமும் சொல்லும்

கொலைச்சொல்லைத் தடுக்கச் சட்டம் போதாதோ எனின், சட்டம் வேண்டும். அது மட்டும் போதாது. கூட்டத்தாரிடையே பகை மூட்டுதலைக் குற்றமாக்கும் 153அ பிரிவு 1898 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 ஆம் பிரிவு அவ்விடத்தில் நிற்கிறது. அதே 1898 ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட 124அ பிரிவின்கீழ்த்தான் சிதம்பரனாரும் தண்டிக்கப்பட்டார் என்பதை மறத்தலாகாது. மேலும் சட்டம் சொல் பிறந்த பின்னரே வருவது. சந்து செய்வோன் கை ஓங்குமுன் வருபவன்.

சந்து செய்வோனுக்கு வேண்டும் தகுதி ஒன்றையும் இப்பாட்டுக்கள் காட்டுகின்றன. கோவூர் கிழார் சோழரால் மதிக்கப்பட்டவர், சோழரையே இடித்துரைத்தார். பகைவர் தரப்பிலிருந்து வரும் அறிவுரை பகையை வளர்க்கும்; தம்மவர் தம்மவரைத் தடுக்கும் சொல்லே செவியிற் புகும். ஆகலின், ஒவ்வொரு கட்சியும் சாதியும் சமயமும் தன் மேடையில் எழும் கொலைச்சொல்லைத் தானே மறுத்தல் வேண்டும். எதிர்மேடையின் குற்றத்தை எடுத்துக்காட்டுதல் எளிது, பயன் குறைவு.

இவ்வாற்றலை மிகைப்படுத்திக் கூறுதலும் பொருந்தாது. மலையமான் மக்கள் உய்ந்தனர் எனப் பழங்குறிப்பு கூறுகிறது, இளந்தத்தனும் உய்ந்தான். உறையூர்ப் போரைப் பற்றிய குறிப்போ அதன் முடிவைக் கூறவில்லை. நெடுங்கிள்ளி பிற்காலத்தார்க்குக் ‘காரியாற்றுத் துஞ்சிய’ நெடுங்கிள்ளியாகவே அறிமுகமாகிறான். அவன் முடிவை அப்பெயரே உணர்த்தும். புலவர் சொல் வரலாற்றின் போக்கை மாற்றிற்று என்பதற்குச் சான்றில்லை. எண்ணத்தகும் சில உயிர்களை அது காத்தது என்பதற்குச் சான்றுண்டு. அவ்வளவே அதன் வெற்றி, அது சிறிதன்று.

தமிழ்த்துறைகள் இது குறித்து ஆற்றத்தக்க பணி ஒன்றுண்டு. அணியிலக்கணத்தைச் செய்யுளுக்கு மட்டும் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடையே உள்ளது. மேடைப் பேச்சு, துண்டறிக்கை, தலையங்கம் ஆகியவற்றையும் முதுகலை மாணாக்கர் அவ்வாறே ஆராய்தல் வேண்டும். ஒரு பேச்சில் ஒருவன் செயல் எந்த வாக்கியத்தில் ஒரு கூட்டத்தின் செயலாக மாறுகிறது, மக்கட்பெயர் எங்கு அஃறிணைப் பெயராகிறது, நிகழ்ச்சிகளின் வரிசை எவ்வாறு திரிக்கப்படுகிறது என்பன நம் இலக்கணப் பயிற்சியால் எளிதிற் காணத்தக்கவை. உயர்திணையை அஃறிணையாக்கல் வழு என்பது இலக்கணம் கற்கத் தொடங்குவோனும் அறிந்தது. மேடையில் அவ்வழு நிகழும்பொழுது அதனைக் கண்டு உரக்கச் சொல்லும் பொறுப்பு இலக்கணம் கற்றவர்க்கே முதற்கண் உரியது.