வெள்ளித்திரையில் விவிலியம்: சிக்கனமும் கருணையும்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று கேட்ட நண்பர்கள், வழக்கம்போல நான் சீவக சிந்தாமணியைப் பற்றியோ நீலகேசியைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை பழைய இயேசு படங்களைப் பற்றி எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். "சித்தூர் வெல்ல மண்டிக்காரருக்கும் வேதாகமப் படத்துக்கும் என்னங்க சம்பந்தம்? அதிலும் நீங்கள் ஜைனர் ஆயிற்றே?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இரண்டு வகையில் இருக்கிறது. ஒன்று, குறைந்த முதலில் பெரிய காரியம் செய்வது எப்படி என்பது வியாபாரிக்குப் புரிந்த விஷயம். இன்னொன்று, இந்தப் படங்கள் எல்லாம் கருணையைப் பற்றிப் பேசுகின்றன. கருணை என்ற சொல்லைக் கேட்டால் ஜைனன் காது சும்மா இருக்காது.

கூடாரத்தில் வந்த கிறிஸ்து

தென்னாட்டில் சினிமாவின் கதையே இயேசுவின் கதையோடுதான் ஆரம்பிக்கிறது. திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்களில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கைப் படம். அதை வைத்துக்கொண்டு அவர் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். ஒரு தமிழர், பேசாத படத்தை, நமது சந்தைத் திடல்களுக்குக் கொண்டுபோனார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வடக்கேயும் இதே கதைதான். 1910-இல் பம்பாயில் இயேசுவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்த தாதாசாகேப் பால்கே, நம் ராமனையும் கிருஷ்ணனையும் இப்படித் திரையில் காண்பது எப்போது என்று ஏங்கினார். அந்த ஏக்கத்தின் விளைவே 1913-இல் வந்த 'ராஜா ஹரிச்சந்திரா'. ஆகவே நம்முடைய புராணப் படங்களுக்கு விவிலியப் படம் ஒரு தாய்மாமன் முறை என்றே சொல்லலாம். பிற்காலத்தில் மருமகன் கற்றதை மாமன் திரும்பக் கற்றுக்கொண்டார். நம் ஊரில் எடுத்த இயேசு படங்கள் புராணப் படங்களின் பாணியிலேயே எடுக்கப்பட்டன.

பெரிய முதலும் சிறிய முதலும்

ஐம்பதுகளில் அமெரிக்கர்கள் விவிலியப் படத்துக்குப் பணத்தை வாரி இறைத்தார்கள். 1953-இல் 'தி ரோப்', 1956-இல் 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்', 1959-இல் 'பென்ஹர்'. பென்ஹருக்கு மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் செலவு. 11 ஆஸ்கர் விருதுகள் வந்தன. அதன் தேர்ப்பந்தயக் காட்சியைப் பார்த்தவர் யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் படத்தில் இயேசுவின் முகத்தைக் காட்டவே இல்லை. 'தி ரோப்' படத்திலும் அப்படித்தான். பயபக்தி காரணம் என்பது உண்மை. ஆனாலும் ரோமாபுரியை அவ்வளவு பெரிதாகக் கட்டிவிட்டு, கதைக்குக் காரணமானவரை முதுகுப்புறமாகவே காட்டுகிறார்களே என்று எனக்குத் தோன்றும்.

அங்கேயும் ஏழைப் படங்கள் உண்டு. 1953-இல் வந்த 'ஸ்லேவ்ஸ் ஆஃப் பாபிலோன்', 'சின்ஸ் ஆஃப் ஜெஸபெல்' போன்றவை அந்த ரகம். அவற்றின் குறை பணம் இல்லாதது அல்ல. பணம் இருப்பதுபோல் பாவனை செய்ததுதான். இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோல, பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1948-இல் 'ஞானசௌந்தரி' என்ற ஒரே கதை இரண்டு படங்களாக வந்தது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்த இளவரசி, தேவமாதாவின் அருளால் அவற்றைத் திரும்பப் பெறும் கதை. விவிலியத்தில் இல்லாத கதைதான். ஆனால் தமிழ்க் கிறிஸ்தவ மக்கள் நாடகமாகப் பலகாலம் பார்த்துப் பழகியது. ஒரு படம் ஜெமினி எஸ்.எஸ். வாசன் தயாரித்தது. 'சந்திரலேகா'வை வெளியிட்ட அதே ஆண்டு. பிரம்மாண்டம் என்றால் அவர் பெயர்தான். இன்னொன்று சிட்டாடல் நிறுவனத்தார் எடுத்தது. எஃப். நாகூர் இயக்கத்தில் டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்தார்கள். ஜெயித்தது சிட்டாடல் படம்தான். வாசன் தம் படத்தைத் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். தேவமாதாவை வேண்டிப் பாடிய பாடல் மதம் பார்க்காமல் வீடுதோறும் ஒலித்தது. மனம் உருக வேண்டிய கதைக்கு மாளிகை தேவையில்லை என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

யூதேயா நம்ம ஊர் ஆனது

சிறிய முதலில் படம் எடுப்பவர் ரோமாபுரியைக் கட்ட முடியாது. கையில் இருக்கும் மலை, குன்று, ஓடை, ஆட்டு மந்தை இவற்றைத்தான் காட்ட வேண்டும். இது குறை என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணி பாடினார், 3,615 பாடல்கள். அதில் யூதேயாவுக்கு நாட்டுப் படலமும் எருசலேமுக்கு நகரப் படலமும் பாடி, தமிழ் நிலத்தின் வளத்தை அங்கே கொண்டுபோய் வைத்தார். சூசைக்கு வளன் என்று பெயர் சூட்டினார். இந்த வழியை அவருக்கு முன்னரே காட்டியவர்கள் எங்கள் சமணப் புலவர்கள். திருத்தக்கதேவரின் ஏமாங்கத நாடு வடநாட்டுக் கதையில் வருவது; ஆனால் அங்கே தென்னையும் கமுகும் பலாவும் காய்த்துக் குலுங்கும். வெளியிலிருந்து வந்த கதையை நம் மண்ணில் நட்டு வைப்பது தமிழின் பழைய வேலை. நாடக மேடையில் நவாப் ராஜமாணிக்கம் அவர்கள் தசாவதாரம், ராமாயணம் ஆகியவற்றோடு 'இயேசுநாதர்' நாடகத்தையும் நடத்தியது இதே வழியில்தான்.

இந்த வரிசையில் சித்தூர், திருப்பதி வாசிகளான நாம் தெரிந்துகொள்ள வேண்டிய படம் ஒன்று உண்டு. அது 1978 டிசம்பரில் வெளிவந்த தெலுங்குப் படமான 'கருணாமயுடு'. இயக்கியவர் ராயலசீமைக்காரரான ஏ. பீம்சிங், ஆம், நமக்குப் 'பாசமலர்' தந்தவரேதான். ஃப்ரான்சிஸ்கன் துறவி கிறிஸ்டோபர் கொயிலோ அவருக்குத் துணைநின்றார். தயாரித்து இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். பணத் தட்டுப்பாட்டால் படப்பிடிப்பு நின்று நின்று, முடிவதற்குப் பல வருஷம் ஆயிற்று. பீம்சிங் 1978 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. பிறகு அது தமிழ் உட்படப் பல மொழிகளில் குரல் மாற்றம் பெற்று, இந்தியில் 'தயாசாகர்' என்ற பெயரோடு, கிராமம் கிராமமாகத் திரை கட்டிக் காட்டப்பட்டது. சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரம் அடித்த காலம் திரும்பி வந்ததுபோல் ஆயிற்று.

படத்தின் பெயரைக் கவனியுங்கள். இரட்சகர், மீட்பர் என்பவை திருச்சபை வழங்கும் சொற்கள். அவற்றை விட்டுவிட்டு 'கருணையே வடிவானவன்' என்று வைத்தார்கள். இந்தியில் 'தயைக் கடல்'. கருணை, தயை இரண்டும் இந்த மண்ணில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான சொற்கள். ஜீவதயையே தர்மத்தின் வேர் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தப் பெயர் வேற்று வீட்டுப் பெயராகப் படவில்லை.

படத்தில் சிலுவை சுமந்து செல்லும் கட்டத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு, அந்த நடையையே ஒரு கருணைத் தேராக உருவகம் செய்கிறது. மோதுகூரி ஜான்சன் எழுதியது. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு உருவகத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். கோடி கோடியாகக் கொட்டிய பென்ஹரில் தேர் என்றால் பந்தயம். ஒருவன் ஜெயிக்க ஒருவன் நசுங்க வேண்டும். காசில்லாத இந்தப் படத்தில் தேர் என்றால் ஊரே கூடி நிற்க, நடுவில் மெல்ல நகரும் உற்சவம். திருப்பதியில் பிரம்மோற்சவத் தேரைப் பார்த்த எவருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

யார் முகம்?

இங்கே ஒரு கேள்வி வரும். தெய்வத்துக்கு மனிதன் முகத்தைக் கொடுக்கலாமா? எங்கள் சமூகத்தில் தீர்த்தங்கரர் வேடத்தை ஒரு நடிகர் போடுவதை ஏற்கமாட்டார்கள். பஞ்ச கல்யாண விழாவில் இந்திரனாகவும், பகவானின் தாய் தந்தையாகவும் மனிதர்கள் வேடம் ஏற்பார்கள். பகவானாக இருப்பது பிம்பம் மட்டுமே. ஆசையை அறவே வென்றவரை, ஆசையுள்ள ஒருவன் எப்படி நடிப்பான் என்பது எங்கள் பக்க நியாயம்.

ஆனால் தெலுங்கு நாட்டில் வழக்கம் வேறு. 1960-இல் 'ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்மியம்' படத்தில் என்.டி. ராமராவ் ஏழுமலையானாக நடித்தார். அதன்பின் திருப்பதிக்கு வந்த யாத்ரீகர்கள் அப்படியே சென்னைக்கும் போய், தியாகராய நகரில் அவர் வீட்டு வாசலில் நின்று தரிசனம் செய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். விஜயசந்தரும் 1978-இல் இயேசுவாக, 1983-இல் 'ஆந்திர கேசரி'யில் தம் பாட்டனார் பிரகாசம் பந்துலுவாக, 1986-இல் சீரடி சாயிபாபாவாக நடித்தார். மூவரையும் ஒரே முகத்தில் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். அறிவில்லாமல் ஏற்றார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூத்து பார்த்துப் பழகிய மக்களுக்கு வேடம் வேறு, ஆள் வேறு என்பது நன்றாகவே தெரியும். எங்கள் நியாயமும் சரி, அவர்கள் வழக்கமும் சரி. பென்ஹர் போல முகத்தை மறைப்பதைவிட, முகத்தைக் காட்டி அதைக் கருணையால் நிரப்ப முயல்வது துணிச்சலான வேலை என்று மட்டும் சொல்வேன்.

எதிரியின் முகம்

இதுவரை சிக்கனத்தின் வரவைச் சொன்னேன். பற்றுக் கணக்கையும் எழுதாவிட்டால் பேரேடு முழுமையாகாது.

சிறிய முதல் படங்களுக்கு நேரமும் குறைவு. பார்ப்பவருக்கு உடனே புரிய வேண்டும் என்று, ஏற்கெனவே இருக்கும் அச்சில் வார்த்துவிடுவார்கள். நம் புராணப் படத்தில் சதிகாரனுக்கு என்று உருட்டு விழி, முறுக்கு மீசை, இடிச் சிரிப்பு உண்டு. அதே அச்சை இயேசுவின் கதைக்கும் எடுத்தால், எருசலேம் குருக்களும் கூட்டமும் அசுரர் கூட்டமாகிவிடும். இயேசுவும் அவர் தாயும் சீடரும் அதே யூத குலத்தார்தான் என்பது பார்ப்பவர் மனத்திலிருந்து நழுவிவிடும். பணக்காரப் படங்களுக்கும் இந்த வம்பு இருந்தது. 1927-இல் டிமில் எடுத்த 'கிங் ஆஃப் கிங்ஸ்' படத்தை எதிர்த்து அமெரிக்க யூதர்கள் முறையிட்டதால், பழியைத் தலைமைக் குரு ஒருவர்மீது மட்டும் சுமத்தும்படி மாற்றினார்கள். இயேசுவின் மரணத்துக்கு யூத இனம் முழுவதையும் பழிக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் அறிவித்தது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பிறருடைய புராணத்தில் எதிரியாக வருவது எப்படி இருக்கும் என்று தமிழ்ச் சமணனுக்குத் தெரியும். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. கோயில் ஓவியங்களிலும் இருக்கிறது. அது நடந்ததா என்று வரலாற்றறிஞர்கள் ஐயுறுகிறார்கள். ஆனால் வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது ஒரு நயினார் வீட்டுப் பிள்ளை தலையைக் குனிந்து உட்காருவானே, அதில் ஐயமில்லை. யார்மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பக்தி பெருக்கெடுக்கும் இடத்தில் எதிரியின் பிள்ளையும் உட்கார்ந்திருக்கக் கூடும் என்று நினைவூட்டவே எழுதுகிறேன்.

பீம்சிங்குக்கு இது தெரியாததல்ல. 1961-இல் 'பாவமன்னிப்பு' படத்தில் இந்துவின் பிள்ளை முஸ்லிம் வீட்டில் வளர்வான், இன்னொரு பிள்ளை கிறிஸ்தவர் வீட்டில் வளரும். அங்கே தீமை எந்த மதத்தின் தலையிலும் விழாது. பெற்ற தகப்பனான ஆளவந்தாரின் பேராசையாகவே அது வரும். அவர் ஒரு வியாபாரி என்பதால் நமக்கு அது கொஞ்சம் சுடும், பரவாயில்லை! எதிரியை வீட்டுக்கு உள்ளேயே தேடச் சொன்ன அந்தப் படம், 'கருணாமயுடு'வுக்கு நல்ல துணைப்படம் என்பது என் கருத்து.

1953-இல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் அங்கே போயிற்று; 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது; 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன; கோட்டுக்கு இந்தப் பக்கம் சிறுபான்மையாக வாழும் நாம், அடுத்தவர் கதையில் நம்மை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில் கவனமாக இருக்கிறோம். அதே கவனம் நாம் ரசிக்கும் கதைகளிலும் வேண்டும். விடுமுறை நாள் ஒன்றில் சங்கத்தில் இந்த இரண்டு படங்களையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம். பாட்டு நன்றாக இருந்ததா, அழுகை வந்ததா என்பதோடு நிறுத்தாமல், 'எதிரியாக வந்தவனுக்கும் இந்தப் படத்தில் கொஞ்சம் கருணை கிடைத்ததா?' என்று அவர்களைக் கேளுங்கள். கருணை என்று பெயர் வைத்த படத்துக்கு அதுவே சரியான எடைக்கல்.