ஐடில் வாட்டும் ஒற்றைக் கேபிளும்

வி.எம்.வேரை விலைக்கு வாங்கிய பிராட்காம், 2024 பிப்ரவரியில் ஒரே பெட்டியில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட உதவிய இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.க்கு மூடுவிழா நடத்தியது. அடுத்த ஆண்டு மனம் மாறித் திரும்பக் கொடுத்தது. அதற்குள் வீட்டில் சர்வர் வைத்திருந்த பலர் அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸில் குடியேறிவிட்டார்கள். 2025இல், நாஸ் எனும் சேமிப்புப் பெட்டிகளை விற்கும் சினாலஜி தன் புதிய பிளஸ் மாடல்களில் தான் சொல்லும் டிஸ்க்கைத்தான் மாட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. எதிர்ப்பு வலுத்ததும் அக்டோபரில் இறங்கி வந்தது. இந்த இரண்டு இடத்திலும் சூடு பட்டவர்களுக்கு இயல்பாகவே ஒரு வைராக்கியம் வந்தது. இனி எவன் தயவும் வேண்டாம், நம் பெட்டியை நாமே கட்டுவோம்.

வைராக்கியம் நல்லதுதான். அது போய் முட்டி நிற்கும் இடத்தைப் பற்றித்தான் என் வழக்கு. கையகல மினி பிசி ஒன்று, உள்ளே இன்டெல் என்100. பக்கத்தில் நாலு ஹார்டு டிஸ்க் பிடிக்கும் யூ.எஸ்.பி. பெட்டி. இரண்டையும் இணைக்க முழம் நீளம்கூட இல்லாத ஒரு கேபிள். மேலே பிராக்ஸ்மாக்ஸ், அதற்குள் சேமிப்பைக் கவனிக்கும் ட்ரூநாஸ், அதற்கும் பக்கத்தில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின்கள். பிறகு சுவரில் மின்சார மீட்டரைச் செருகி, திரையில் ஒற்றை இலக்கம் தெரியும்படி ஒரு படம். ‘ஐடிலில் 8 வாட்’ என்று தலைப்பு. யாராவது கேள்வி கேட்டால் ஒரே பதில்: ‘வீட்டுக்கு இது போதும்.’

கொடுக்க வேண்டிய மதிப்பெண்களைக் கொடுத்துவிடுகிறேன். 2023 தொடக்கத்தில் வந்த என்100 உண்மையிலேயே கெட்டிக்காரச் சில்லு. நாலு கோர், 6 வாட் வரம்பு, வீடியோவை மாற்றித் தரும் வேலையைத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே முடித்துவிடும். ஹோம் அசிஸ்டன்ட், பை-ஹோல், ஜெல்லிஃபின், ஒரு நெக்ஸ்ட்கிளவுட் என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் ஓடும். இதற்கு முந்தைய மோகத்தோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். டெல் ஆர்720 போன்ற பழைய ரேக் சர்வரை ‘அடிமாட்டு விலை’ என்று வாங்கி வந்து பரணில் அலற விட்ட காலத்தை நாம் பார்த்தோம். எப்போதும் 100 வாட் இழுக்கும் பெட்டி ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 144 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். 500ஐத் தாண்ட வைத்துவிட்டால் கட்டண விகிதமே மாறிவிடும். அந்த மோகம் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் வாட்டுக்குப் பயந்தவர்கள் வாட்டையே சாமியாக்கிவிட்டார்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருப்பதற்கே சுமார் 5 வாட் எடுக்கும். நாலு டிஸ்க் என்றால் 20 வாட். மீட்டர் படத்தில் அந்த நாலு டிஸ்க்கும் இருக்காது. அவை வேறு அடாப்டரில், வேறு பிளக்கில் இருக்கும். அதையும் சேர்த்தால், பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்றுக்கும் இதற்கும் மிஞ்சும் வித்தியாசம் 10 வாட் சொச்சம். இரண்டு மாதத்துக்குச் சுமார் 14 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் 150 ரூபாய்க்குள். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

விட்டுக்கொடுப்பது டிஸ்க்குக்குப் போகும் பாதையை. பல வருடங்களாக நான் இதையே சொல்லி வருகிறேன், சலித்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். சேமிப்பு சர்வரில் சிபியு இரண்டாம் பட்சம், மெமரி அதற்கு அடுத்தது. டிஸ்க்குக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவே என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மினி பிசி மோகம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை, ஏனென்றால் அதனிடம் பதில் இல்லை. 3.5 அங்குல டிஸ்க் வைக்க அதில் இடமில்லை, வைத்தாலும் நாலையும் மாட்ட சாட்டா போர்ட் இல்லை, கார்டு போட ஸ்லாட் இல்லை. எனவே யூ.எஸ்.பி.

‘யூ.எஸ்.பி.க்கு என்ன குறை? 10 கிகாபிட் வேகம். டிஸ்க்கே 250 எம்.பி.தான் தரும்’ என்பார்கள். வேகத்தைப் பற்றி யார் பேசினார்கள்? ஒரு டிஸ்க் நோய்ப்படும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்று, படிக்க முடியாத செக்டாரில் மோதினால் விடாப்பிடியாகத் திரும்பத் திரும்ப முயலும்; ஒரு நிமிடத்துக்கு மேல்கூட வாய் திறக்காது. நாஸ் டிஸ்க்குகள் பொதுவாக 7 விநாடியில் கைவிட்டு ‘முடியவில்லை’ என்று சொல்லிவிடும், அவற்றின் கூடுதல் விலைக்கு அதுவும் ஒரு காரணம். லினக்ஸ் 30 விநாடி பொறுக்கும். பிறகு டிஸ்க் செத்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு ரீசெட் செய்யும். சாட்டா போர்ட்டில் நேரே மாட்டிய டிஸ்க் என்றால் அந்த ரீசெட் அந்த ஒரு டிஸ்க்கோடு போயிற்று. யூ.எஸ்.பி.யில் ரீசெட் ஆவது டிஸ்க் அல்ல, நடுவில் இருக்கும் பிரிட்ஜ் சிப். மலிவான பெட்டிகள் பலவற்றில் நாலு டிஸ்க்குக்கும் ஒரே பிரிட்ஜ். ஒன்றுக்கு இருமல் வந்தால் நாலும் படுக்கையில் விழும்.

இப்போது டிஸ்க்குகளுக்கு மேலே இருக்கும், ட்ரூநாஸின் கோப்பு முறையான இசட்.எஃப்.எஸ்.ஸின் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு டிஸ்க் போனால் தாங்கும்படி அதை அமைத்திருக்கிறீர்கள். ஒரே நொடியில் நாலும் காணாமல் போகின்றன. அதற்குத் தெரிந்த நேர்மையான வழி ஒன்றுதான்: டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டிய பூலை அப்படியே நிறுத்திவைத்துக் காத்திருப்பது. டிஸ்க்குகள் இரண்டு விநாடியில் திரும்பி வரும், ஆனால் சில சமயம் வேறு பெயரில். அதற்குள் அந்தப் பூலில் குடியிருந்த விர்ச்சுவல் மெஷின்கள் அத்தனையும் உறைந்துபோயிருக்கும். நிறுத்தச் சொன்னாலும் நிற்காது, கொல்லச் சொன்னாலும் சாகாது. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் மருந்து. இரண்டு டிஸ்க் தாங்கும் ரெய்டு போட்டவருக்கும் இதே கதிதான். டிஸ்க்குகள் தனித்தனியாகச் சாகும் என்ற நம்பிக்கையில்தான் ரெய்டு கட்டப்பட்டிருக்கிறது. ஒரே கேபிள், ஒரே சிப், ஒரே 12 வோல்ட் அடாப்டர் என்று நாலு வீட்டுக்கு ஒரே ஃபியூஸ் போட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு தீயணைப்பான் வாங்கி மாட்டுவதில் என்ன பொருள்?

நல்ல பெட்டிகளும் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். டிஸ்க்குக்கு ஒரு பிரிட்ஜ் வைத்து உள்ளே ஹப் போட்டவை அவை. அவற்றிலும் கேபிளும் அடாப்டரும் ஒன்றுதான்.

நண்பர் ஒருவர் தன் சர்வர் ‘சில நாள் இரவில் மட்டும்’ உறைகிறது என்று கூப்பிட்டுக் காட்டினார். பகலில் படம் பார்க்கலாம், கோப்பு நகலெடுக்கலாம், ஒரு தொல்லையும் இல்லை. கெர்னல் லாகைத் திறந்தால் ‘ரீசெட் சூப்பர்ஸ்பீடு யூ.எஸ்.பி. டிவைஸ்’ என்ற வரி வரிசையாக அடுக்கியிருந்தது; எல்லாமே மாதாந்திர ஸ்க்ரப் ஓடிய இரவுகள். ஸ்க்ரப் என்பது நாலு டிஸ்க்கையும் ஒரே சமயத்தில் மணிக்கணக்கில் முழுதாகப் படித்துச் சரிபார்க்கும் வேலை. செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிது போட்டு மறுகட்டுமானம் செய்வதும் ஏறக்குறைய அதே சுமைதான். அதாவது, இந்தப் பாதை பலவீனமாகும் நேரமும், உங்கள் தரவு ஏற்கெனவே ஒரு காலில் நின்றுகொண்டிருக்கும் நேரமும் ஒன்றே. ‘எனக்கு ஒரு வருடமாக ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, அந்த வருடத்தில் ஒரு டிஸ்க்கையாவது மாற்றினீர்களா என்பதைத்தான்.

இன்னும் சில்லறைக் குற்றங்கள் உண்டு. சில பிரிட்ஜ்கள் டிஸ்க்கின் சீரியல் எண்ணை மறைத்துத் தம் எண்ணைக் காட்டும். நாலில் எது கெட்டது என்று ஸ்க்ரூடிரைவரோடு நிற்கும்போதுதான் அந்தச் சீரியல் எண்ணின் அருமை புரியும். சில, செக்டார் அளவையே மாற்றிக் காட்டும்; அதில் எழுதிய டிஸ்க்கைக் கழற்றி நேரே சாட்டாவில் மாட்டினால் காலியாகத் தெரியும். ஸ்மார்ட் விவரங்கள் வந்தால் வரும். ‘கேஷில் இருப்பதைத் தட்டில் எழுது’ என்று இசட்.எஃப்.எஸ். அனுப்பும் ஆணையை ஒழுங்காகக் கடத்தாத சிப்களும் இருப்பதாகச் சொல்கிறார்கள்; மின்வெட்டு வரும் ஊரில் அதைவிட மோசமான துரோகம் வேறில்லை. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பெரும்பாலும் யூ.பி.எஸ். மோடில் இருக்காது, மாறும்போது ஒரு சின்னத் தடுமாற்றம் இருக்கும். மினி பிசிக்கு ஒரு அடாப்டர், டிஸ்க் பெட்டிக்கு இன்னொன்று. இரண்டும் அந்தத் தடுமாற்றத்தை ஒரே மாதிரி தாங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? கம்ப்யூட்டர் விழித்திருக்க, டிஸ்க்குகள் மட்டும் காலடியிலிருந்து உருவப்படுவது இப்படித்தான்.

ட்ரூநாஸை விர்ச்சுவல் மெஷினாக ஓட்டுகிறவர்களுக்கு இது இரட்டிப்புச் சிக்கல். அதைச் சரியாகச் செய்ய ஒரு வழி உண்டு: எல்.எஸ்.ஐ. 9211 அல்லது 9300 வகை எச்.பி.ஏ. கார்டு ஒன்றை, டிஸ்க்குகளை மறைக்காமல் காட்டும் ஐ.டி. மோடில் போட்டு, கார்டையே முழுசாக அந்த மெஷினிடம் ஒப்படைத்துவிடுவது. அதன் பிறகு ட்ரூநாஸ் பார்ப்பது உண்மையான டிஸ்க்கை. பிராக்ஸ்மாக்ஸ் நடுவில் மூக்கை நுழைக்காது. அதற்கு ஒரு பி.சி.ஐ.இ. ஸ்லாட் வேண்டும். மினி பிசியில் அது கிடையாது. எனவே யூ.எஸ்.பி. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிடுகிறார்கள். பிரிட்ஜ் ஏற்கெனவே போட்ட முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி. அதே ட்ரூநாஸ், பக்கத்து விர்ச்சுவல் மெஷின்களுக்கு நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுத்துக்கொண்டிருக்கும். கேபிள் ஒரு முறை தும்மினால் ஹோம் அசிஸ்டன்ட் இயக்கும் விளக்கு சுவிட்ச் வரை வேலை செய்யாது.

‘பேக்கப் இருக்கிறதே’ என்பது அடுத்த வாதம். இருந்தால் மகிழ்ச்சி. நான் பார்த்த வரையில் அந்த பேக்கப் அதே பெட்டியின் நாலாவது டிஸ்க்கில் இருக்கும்.

இப்போது அந்த ‘வீட்டுக்கு இது போதும்’ என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். டேட்டா சென்டருக்குத்தான் உறுதி வேண்டும், வீட்டுக்கு எதற்கு என்பது அதன் உட்பொருள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. டேட்டா சென்டரில் டிஸ்க் போனால் இரவு ஷிப்டில் ஓர் ஆள் இருப்பார், அலமாரியில் மாற்று டிஸ்க் இருக்கும், அதே தரவு இன்னும் இரண்டு இடத்தில் இருக்கும். வீட்டில் நீங்கள் வெளியூர் போயிருக்கும் நாளில் அம்மாதான் இருப்பார். கல்யாண ஆல்பத்துக்கு வேறு பிரதி இருக்காது. பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்துக்குத்தான், பார்க்காமல் விட்டாலும் ஓடும் சாமான் தேவை.

சாமானும் ஒன்றும் குதிரைக்கொம்பு அல்ல. நிறுவனங்கள் கழித்துவிடும் எட்டாம் தலைமுறை ஆபீஸ் டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி தெருவில் வரிசையாக இருக்கின்றன. ஐ5-8500 என்றால் ஆறு கோர், என்100ஐவிடத் தாராளம். தாய்ப்பலகையிலேயே சாட்டா போர்ட், எச்.பி.ஏ. போட ஸ்லாட், மெமரிக்கு இரண்டு சேனல். குட்டிப் பெட்டி வேண்டாம், டவர் மாடலாகக் கேளுங்கள். டிஸ்க் வைக்க இடம் வேண்டும். 2013இல் எச்.பி. கொண்டுவந்த மைக்ரோசர்வர் ஜென்8ஐ இன்றும் சிலர் கைவிடாததற்குக் காரணம் அதன் செலரான் அல்ல. முன்கதவைத் திறந்தால் நாலு டிஸ்க், நாலுக்கும் தனித்தனி சாட்டா வழி, ஈ.சி.சி. மெமரி. (ஈ.சி.சி. வேண்டுமா வேண்டாமா என்பது வேறு சண்டை, அதை இன்று தொடங்கவில்லை.) டிஸ்க் வாங்கும்போது மட்டும் லேபிளை நம்பாதீர்கள்: 2020இல் டபிள்யூ.டி. ரெட் என்று நாஸுக்காகவே விற்கப்பட்ட டிஸ்க்குகள் சிலவற்றுக்குள் நாஸுக்கு ஒவ்வாத எஸ்.எம்.ஆர். முறை இருந்தது வெளியே வந்தது நினைவிருக்கும்.

ஹார்டு டிஸ்க்கே இல்லாமல் உள்ளே ஒரு எஸ்.எஸ்.டி.யோடு விர்ச்சுவல் மெஷின் மட்டும் ஓட்டுகிறேன், சேமிப்பு வேறு பெட்டியில் என்பவரோடு எனக்கு வழக்கே கிடையாது. மினி பிசி அவருக்காகவே பிறந்தது. என்100 மீதும் பகை இல்லை. அதே சில்லைத் தாய்ப்பலகையில் பதித்து, ஆறு சாட்டா போர்ட் வைத்து நாஸுக்கென்றே விற்கும் பலகைகள் வந்துவிட்டன. அந்தச் சில்லுக்கு மொத்தமே 9 பி.சி.ஐ.இ. லேன்தான். அதில் ஒன்றிரண்டை ஜே.எம்.பி.585 போன்ற சாட்டா கன்ட்ரோலருக்குக் கொடுப்பார்கள். நெருக்கடிதான், ஆனாலும் ஒரு டிஸ்க்கின் ரீசெட் அந்த டிஸ்க்கின் போர்ட்டோடு நிற்க வழியாவது இருக்கிறது. அந்தப் பலகைகளுக்கு வரும் மதிப்புரைகளையும் விடாமல் படிக்கிறேன். மறுபடியும் மீட்டர் படம், மறுபடியும் ஐடில் வாட். ஸ்க்ரப் ஓடும்போது ஒரு டிஸ்க்கின் கேபிளை உருவினேன், மற்ற மூன்றும் அசராமல் வேலையைத் தொடர்ந்தன என்று ஒருவர் எழுதட்டும், அடுத்த நாளே ஒன்று வாங்குகிறேன்.